அந்திமந்தாரையும் அணு உலையும்

நம் ஊரில் குழந்தை பிறந்த பத்தாவது நிமிஷம் பாகப்பிரிவினை ஆரம்பித்துவிடும். ரிஜிஸ்தர் ஆபீஸ், ஸ்டாம்ப் பேப்பர் எதுவும் வேண்டாம். ‘மூக்கு அப்படியே எங்க அண்ணன் மூக்குல்லா’ என்று அத்தை முதல் துண்டு போடுவார். ‘கண்ணு எங்க வீட்டுக் கண்ணு’ என்று அம்மாவைப் பெற்ற ஆச்சி அடுத்த துண்டு போடுவார். காது, நெற்றி, சுருட்டை முடி எல்லாம் பங்காகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு அழுகிற குணம் மட்டும் அநாதையாக நிற்கும். அது எப்போதும் எதிர்த்தரப்பு வழி வந்தது.

இந்தப் பிரிவினைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டப் புத்தகம் கொடுத்தார்கள். எழுதியவர் மெண்டல் என்ற பாதிரியார். பட்டாணிச் செடி வளர்த்தார். ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு சீட்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஒன்று ஓங்கும், மற்றது ஒடுங்கும். நெட்டை ஓங்கு பண்பு, குட்டை ஒடுங்கு பண்பு. 1866-ல் அச்சான இந்தக் கட்டுரையை 1900 வரை யாரும் சீண்டவில்லை. அதற்குப் பிறகு பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக நம் தலையில் விடிந்தது.

பரீட்சைக்கு அது போதும். கல்யாணத்துக்குப் போதவில்லை என்கிறார் கூடங்குளத்திலிருந்து கடிதம் எழுதியிருக்கும் ஒரு வாசகர்.

‘வயசு 27. வள்ளியூரில் ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண் பார்த்தோம். ஜாதகம் பொருந்தியது, சம்பளம் பொருந்தியது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் பெண்ணின் மாமா, “கூடங்குளமா? அணு உலைக்குப் பக்கமா? பொறக்கற பிள்ளைக்கு ஏதும்...” என்று இழுத்தார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. வீடு திரும்பியதும் அம்மா, “வெளிய தேடினது போதும்ல, எங்க அண்ணன் மவ இருக்கா” என்கிறாள். என் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஆபத்து உண்டா, இல்லையா? நாலு வரியில் சொல்லவும்.’

தம்பி, நாலு வரியில் சொல்ல இது ராசிபலன் இல்லை. பெண்ணின் மாமா சொன்னது, அப்பா சொன்னது, அம்மா சொன்னது மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் அப்பா.

*

‘வம்சத்தில் இல்லை, அதனால் பிள்ளைக்கு வராது.’ கேட்க நன்றாக இருக்கிறது. மெண்டலைப் பாதி படித்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான். மீதிப் பாதிக்கு உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அந்திமந்தாரையைப் பாருங்கள்.

கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மானியர் மெண்டலை 1900-ல் மறுபடி தோண்டி எடுத்த மூவரில் ஒருவர். இந்த அந்திமந்தாரையை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்தார். சிவப்புப் பூ செடியையும் வெள்ளைப் பூ செடியையும் சேர்த்தால், பட்டாணிச் சட்டப்படி ஒன்று ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கவில்லை. ரோஸ் கலரில் பூத்தது. யாரும் ஓங்கவில்லை, யாரும் ஒடுங்கவில்லை, சமரசம். ஆனால் சாயம் கலந்தது போல நிரந்தரமாகக் கலந்துவிடவும் இல்லை. ரோஸும் ரோஸும் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் சிவப்பும் வெள்ளையும் திரும்பி வந்தன. சீட்டு அழியவில்லை, பூவின் நிறம்தான் இடையில் நின்றது.

அதே செடியில் இலையையும் பார்த்தார். சில கிளைகளில் பச்சை இலை, சிலவற்றில் வெளுத்த இலை, சிலவற்றில் இரண்டும் திட்டுத் திட்டாக. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் குட்டிச் செடியின் இலை தாய்க் கிளையைப் பொறுத்தே அமைந்தது. அப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை. இதை 1909-ல் வெளியிட்டார். பூவுக்கு ஒரு சட்டம், இலைக்கு வேறு சட்டம், இரண்டும் ஒரே செடியில்!

நாமும் அப்படித்தான். ரத்தத்துக்கு ஒரு சட்டம், கண்ணுக்கு ஒரு சட்டம், தலைமுடிக்கு ஒரு சட்டம்.

*

ரத்தத்திலிருந்து ஆரம்பிப்போம். ஏ, பி இரண்டும் சரிசமம். இரண்டும் வந்தால் ஏபி. ஓ இரண்டுக்கும் அடங்கிப்போகும். ஆகவே ஓ குரூப் அம்மாவுக்கு ஏபி குழந்தை பிறக்காது. இது பாடப்புத்தகம்.

பிறந்தால்?

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். முதலில் பரீட்சையைத் திரும்பச் செய்யுங்கள். லேபில் டியூப் மாறியிருக்கலாம். மாறவில்லை என்றால் பம்பாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

1952-ல் டாக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் பம்பாயில் ஒரு விசித்திர ரத்தத்தைக் கண்டு ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார்கள். பரிசோதனையில் ஓ மாதிரியே தெரியும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உடம்பு ஏற்காது. காரணம் இது. ஏ, பி என்பவை மாடி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹெச்’ என்ற பொருள்தான் கீழ்த்தளம். கீழ்த்தளம் மட்டும் இருந்தால் ஓ குரூப். பம்பாய் குரூப்காரருக்குக் கீழ்த்தளமே கிடையாது. அவரிடம் ‘பி’ மாடிக்கான பிளான் பத்திரமாக இருக்கும். ஆனால் கட்ட இடமில்லை. பார்க்கிறவர்களுக்கு ஓ. அந்த பிளானைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார். வாழ்க்கைத்துணை கீழ்த்தளத்தையும் ‘ஏ’ மாடியையும் கொடுக்கிறார். பிள்ளை ஜம்மென்று ஏபி! 1955-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இப்படி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

ஒரு ஜீன் இன்னொரு ஜீனின் வாயைப் பொத்துகிற வேலை இது. பம்பாய் குரூப் நம் நாட்டில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். அவருக்கு ரத்தம் வேண்டுமென்றால் இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும். ‘ஓ பாசிட்டிவ்’ என்று பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவர்களில் யாரோ ஒருவர் அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர். ரத்த வங்கியில் ஏற்றுவதற்கு முன் கிராஸ் மாட்ச் பார்ப்பதை ‘ஏன் லேட் பண்றீங்க’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.

*

அடுத்தது கண். ரயில்வே அசிஸ்டன்ட் லோகோ பைலட் பரீட்சையில் பாஸாகி, ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு, மெடிக்கலில் விழுந்தவர்களைக் கேளுங்கள். கலர் கலர் புள்ளிகளுக்கு நடுவே எல்லோருக்கும் 74 தெரிகிறது, இவருக்கு மட்டும் வேறு எண். ‘எங்க அப்பாவுக்கு நல்லாத்தான சார் தெரியுது?’ என்பார். அப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிவப்பு–பச்சைக் குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு அப்பா கொடுப்பது ஒய், அம்மா கொடுப்பதுதான் எக்ஸ். அம்மாவுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம் கிளம்பி, அம்மாவிடம் சத்தம் போடாமல் இருந்து, பேரனிடம் வந்து இறங்கும்.

இதைக் கேட்டதும் தலையைத் தடவுகிறீர்கள், தெரிகிறது. வழுக்கையும் அம்மா வழிதானே? பாதி உண்மை. முக்கியமான ஒரு ஜீன் எக்ஸில்தான் இருக்கிறது. ஆனால் 2017-ல் 52,000 பிரிட்டிஷ் ஆண்களின் தலையை ஆராய்ந்ததில் 287 இடங்களில் உள்ள ஜீன் வேறுபாடுகள் சேர்ந்து வழுக்கைக்கு வேலை பார்ப்பது தெரிந்தது. பெரும்பாலானவை எக்ஸுக்கு வெளியே. எனவே அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என எல்லோர் மேலும் தாராளமாகப் பழி போடலாம்.

மூன்றாவது, இலைச் சட்டம். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி பவர் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக டி.என்.ஏ., 16,569 எழுத்து, 37 ஜீன். அது அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அப்பாவுடைய பவர் ஸ்டேஷன்கள் கருவாகும்போதே கழித்துக்கட்டப்படும். லீபர் நோய் என்று ஒன்று. இருபது வயதுப் பையன், நேற்று வரை கிரிக்கெட் ஆடியவன், சில வாரங்களில் பார்வை மங்கிவிடும். 1871-லேயே விவரித்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று 1988-ல்தான் தெரிந்தது. அந்தப் பையன் கல்யாணம் செய்துகொண்டால் அவன் பிள்ளைகளுக்கு அது போகாது. அவன் அக்கா, தங்கை பிள்ளைகளுக்குப் போகலாம். பெண் பார்க்கிறவர்கள் விசாரிப்பதோ எப்போதும் அப்பா வழி வம்சம்!

இன்னொரு விசித்திரமும் உண்டு. பதினைந்தாம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு விடுபட்டுப்போனால், அது அப்பா கொடுத்ததில் விடுபட்டதா, அம்மா கொடுத்ததில் விடுபட்டதா என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு நோய்கள் வரும். ஒன்றில் தீராத பசி. மற்றதில் பேச்சு வராது. துண்டு அதேதான், அனுப்பியவர் பெயர்தான் வேறு.

*

நான்காவது வழிதான் உங்கள் கேள்விக்கு நேரே வருகிறது. அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை, பிள்ளையிடம் புதிதாக வந்தது.

பரம்பரை என்பது கிட்டத்தட்ட முந்நூறு கோடி எழுத்துக்களை நகலெடுக்கிற வேலை. எந்த குமாஸ்தாவும் சறுக்குவார். 2012-ல் ஐஸ்லாந்தில் அப்பா, அம்மா, பிள்ளை என்று மும்மூன்று பேராக வைத்து எழுத்து எழுத்தாகக் கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அறுபது சொச்சம் புது எழுத்துப் பிழை. அம்மா பங்கு சுமார் 15. மீதி எல்லாம் அப்பா. இருபது வயது அப்பா என்றால் சுமார் 25, நாற்பது வயது அப்பா என்றால் சுமார் 65. வருஷத்துக்கு இரண்டு வீதம் கூடுகிறது. ‘செட்டில் ஆகிட்டுப் பண்ணிக்கறேன்’ என்று நாற்பதைத் தொடும் நண்பர்கள் கவனிக்க.

பயப்பட வேண்டாம். இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் செய்யாத இடத்தில் விழுகின்றன. எப்போதாவது ஒன்று முக்கியமான இடத்தில் விழும். குட்டையான கை கால்களோடு பிறக்கும் ஒருவகைக் குள்ளத்தன்மையில் பத்தில் எட்டுக்கு மேல் இப்படிப் புதிதாக வந்தவை. பெற்றோர் இருவரும் சராசரி உயரம். அது ‘ஓங்கு’ பண்புதான், ஆனால் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. உங்கள் அப்பாவின் வாக்கியம் இங்கே தள்ளுபடி.

இனி பெண்ணின் மாமா. கதிரியக்கம் இந்தப் பிழைகளைக் கூட்டுமா? கூட்டும். ஹெர்மன் முல்லர் 1927-ல் பழ ஈக்கள் மேல் எக்ஸ்-ரே பாய்ச்சி அதைக் காட்டினார். 1946-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே அந்த மாமா முட்டாள் இல்லை. அவர் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: எவ்வளவு?

ஹிரோஷிமா, நாகசாகியைவிடப் பெரிய அடி யாருக்கும் விழவில்லை. அங்கே 1948 முதல் 1954 வரை பிறந்த 70,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். குண்டு விழுந்த பிறகு கருவானவர்களிடம் பிறவிக் குறைகள் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. குண்டு விழும்போது வயிற்றில் இருந்த குழந்தைகள் பாதிக்கப்பட்டது உண்மை. அது நேரடி அடி, பரம்பரை அல்ல. 1986-ல் செர்னோபில் வெடித்தது. அங்கே சுத்தம் செய்யப் போனவர்கள், ஊரைவிட்டு வெளியேறியவர்கள் ஆகியோரின் 130 பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்து எழுத்து எழுத்தாகப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். புதுப் பிழைகள் மற்ற பிள்ளைகளுக்கு இருக்கிற அளவுதான்.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் கன்னியாகுமரி தாண்டி மேற்கே போங்கள். மணவாளக்குறிச்சியில் ஆரம்பித்து கேரளத்துக் கருநாகப்பள்ளி வரை கடற்கரை மணலில் தோரியம் கலந்திருக்கிறது. எந்த அரசாங்கமும் கட்டாத, இயற்கை வைத்த அணு உலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதன் மேல்தான் வலை காயப்போட்டு, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். அங்கே 2002-ல் அந்த அம்மா வழி டி.என்.ஏ.வைப் பார்த்தபோது, மணல்மேல் வாழும் குடும்பங்களில் எழுத்து மாற்றம் கூடுதலாக இருந்தது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1995 முதல் 2011 வரை அந்தப் பகுதியில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கவனித்ததில், கதிர் அதிகமான இடத்தில் பிறவிக் குறை அதிகம் என்று காட்ட முடியவில்லை. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்விலும் புற்றுநோய் கூடுதலாக இல்லை.

இப்போது உங்கள் ஊர். உலகத்தில் ஒருவர் இயற்கையாக வாங்குகிற கதிர், வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அணுமின் நிலையத்தால் வெளி ஆட்களுக்கு அதற்கு மேல் 1 மில்லிசீவர்ட் தாண்டக் கூடாது என்பது விதி. அளந்து வெளியிடுகிற கணக்கில் அதிலும் சிறு பங்குதான் வருகிறது. ‘அரசாங்கக் கணக்காச்சே’ என்று நீங்கள் புருவம் உயர்த்தலாம். அதற்காகத்தான் மேலே கணக்கை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வுகளைச் சொன்னேன்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்ட காலத்திலிருந்து, 2011-ல் இடிந்தகரைப் பந்தலில் ஜனங்கள் உட்கார்ந்தது வரை கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. விபத்து நடந்தால் என்ன, கழிவை எங்கே வைப்பது, மீன்பாடு என்னாகும், எங்களை ஏன் கேட்கவில்லை? இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு ஜீன் பதில் சொல்லாது, டெல்லியும் சென்னையும்தான் சொல்ல வேண்டும். 2013-ல் முதல் உலையும் 2016-ல் இரண்டாவதும் இயங்கத் தொடங்கின. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் என்பதாலேயே ஒருவனுடைய விதை கெட்டுப்போனது என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. உலையை எதிர்க்கிறவர் எதிர்க்கட்டும், ஆதரிக்கிறவர் ஆதரிக்கட்டும். ஊர்ப் பையன்களையும் பெண்களையும் நடுவில் தள்ளுபடி விலைக்கு விற்காதீர்கள்.

*

கடைசியாக அம்மா. இங்கேதான் வேடிக்கை. அணு உலைக்குப் பயந்து பெண் கொடுக்க மறுக்கிறார்கள். பரிகாரமாக அம்மா மாமன் மகளைக் காட்டுகிறார். கணக்கில் எது பெரியது?

மாமன் மகளுக்கும் உங்களுக்கும் எட்டில் ஒரு பங்கு ஜீன் பொது. ஒரே லெட்ஜரின் இரண்டு நகல். பிழை இருந்தால் இரண்டிலும் அதே பக்கத்தில் இருக்கும், அடித்துத் திருத்த ஆள் இல்லை. எந்தத் தம்பதிக்கும் நூறு பிள்ளைகளில் சுமார் மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை வர வாய்ப்பு உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் இன்னும் இரண்டோ மூன்றோ கூடும். தாய்மாமனையே கட்டினால் பங்கு நாலில் ஒன்று, வாய்ப்பும் அதற்கேற்ப அதிகம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில்தான் கல்யாணம் செய்திருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. அம்மாவிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். ஆனால் பயப்பட்டே தீருவோம் என்றால், அளந்து பார்த்த ஆபத்துக்குப் பயப்படுவதுதான் லாபம்.

அதையும் வீணாகப் பயப்பட வேண்டாம். சொந்தமோ அந்நியமோ, கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தசோகை வகைகளுக்கான ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளலாம். இரண்டு குடும்பத்திலும், முக்கியமாக அம்மா வழியிலும், சின்ன வயசில் இறந்த பிள்ளைகள், திடீரென்று பார்வை போன மாமன்கள், காது கேளாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, மரபணு ஆலோசனை சொல்லும் டாக்டரிடம் காட்டலாம். ஜாதகக் கட்டம் பார்க்க ஆகிற நேரம்தான் ஆகும். மறைக்காமல் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். ‘எங்க வம்சத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாது’ என்று எல்லாக் குடும்பமும் சொல்கிறது. எல்லாக் குடும்பத்திலும் ஏதோ ஒன்று உண்டு.

தம்பி, கோவில்பட்டி மாமாவிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். அப்போதும் இழுத்தால் விட்டுவிடுங்கள், வேறு இடம் பார்க்கலாம். கூடங்குளத்து மாப்பிள்ளைக்கு நிச்சயமாக ஒரு பாதிப்பு உண்டு: அந்தக் காற்றாலைக் காற்றில் எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் கிராப் நிற்காது. அது பிள்ளைகளுக்குப் போகாது.